கொலுசில் படிந்த செம்மண்

செருப்பை வெளியிலயே விட்டுட்டு வாங்க. கோயிலான்னு கேக்காதீங்க, எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க, கோயில் இல்லை, வெண்கரைப்பட்டினத்து அருங்காட்சியகம்தான், போர்டுல போட்டிருக்கே. ஆனா செருப்பைக் கழட்டாம ஒருத்தரையும் உள்ள விட மாட்டேன், சாக்ஸ் போட்டிருந்தா அதையும் கழட்டணும், ஏன்னு கடைசியில சொல்றேன். வாசல்ல டோக்கன் கொடுக்குறாங்களே ஒரு அம்மா, செருப்பை அவங்ககிட்ட கொடுங்க. அவங்க உங்க முகத்தைப் பாக்க மாட்டாங்க, காலைத்தான் பாப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

இருபத்தாறு வருஷமா இந்தப் பொருள்களைக் காட்டிக் கதை சொல்றதுதான் என் உத்தியோகம். இந்த முதலையோட வால் இதோடது இல்லை, பாடம் பண்ணினவன் அவசரத்துல வேற முதலையோடதை எடுத்துத் தச்சுட்டான், அதனாலதான் இவ்வளவு அசடு வழியுது அது மூஞ்சியில. இந்தக் கப்பல் மணிக்கு நாக்கு கிடையாது. இந்த மண் சுங்கானைப் பாருங்க, புகை குடிச்சவனோட பல் பதிஞ்சிருக்குது, இருநூறு வருஷத்துக்கு முன்னாடி அவனுக்கு ஒரு பல் ஆடிக்கிட்டு இருந்திருக்கு. இதெல்லாம் நின்னு நிதானமா பாக்கலாம். முதல்ல இங்க வாங்க.

சிரிப்பு வருதா? வரும். ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி, சிவப்பு வெல்வெட்டு, மேல விளக்கு, உள்ள பாத்தா இத்துனூண்டு கைக்குழந்தைக் கொலுசு, அதுவும் ஒத்தைக் கொலுசு. பெட்டி இதுக்காகச் செஞ்சது இல்லைங்க. இதோட ஜோடிக்காகச் செஞ்சது. அந்த ஜோடி இப்ப கடல்ல கிடக்குது, கடல்ல போடச் சொன்னது இந்த ஊரு, போடுறதுக்கு வேண்டிய தாளை எழுதினது இந்தக் கை. சொல்றேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு கார்த்திகை மாசம், ஆறு உடைச்சுக்கிட்டு வந்து இந்த ஊருக்குள்ள மூணு நாள் உக்காந்துக்கிச்சு. கருவாடு காயப்போட்டு விக்கிற பூங்காவனத்துக்கு அப்ப ஒன்றரை வயசுல ஒரு பொண்ணு, பேரு வேம்பு. முன்னாடி பொறந்த ரெண்டும் தங்காததால இது தங்கட்டும்னு வச்ச கசப்புப் பேரு. வெள்ளம் வந்த அன்னிக்குக் காலையில குழந்தையோட இடது கால் கொலுசுல திருகாணி லூசா இருந்துச்சுன்னு, ஆசாரிகிட்ட கொடுக்கணும்னு அதைக் கழட்டி இடுப்புல முடிஞ்சு வச்சிருக்காங்க. வலது கால் கொலுசோட குழந்தை தூளியில தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. தண்ணி தூளியோட தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. புருஷன் உடம்பு மூணாம் நாள் கிடைச்சுது. குழந்தை கிடைக்கலை. பூங்காவனத்துக்கு மிஞ்சினது இடுப்புல இருந்த அந்த ஒரு கொலுசுதான்.

அடுத்த சித்திரையில மதகுல தூர் வாரினப்போ, வண்டலுக்குள்ள இருந்து மத்தக் கொலுசு வந்துச்சு. அதோட வந்த பித்தளை விளக்கு, உடைஞ்ச ஜாடி எல்லாத்தையும் சேத்து ஒரு சாக்குல கட்டி இங்க அனுப்பிட்டாங்க. நான்தான் பதிவேட்டுல எழுதினேன், 'குழந்தைக் கொலுசு, வெள்ளி, ஒன்று, ஒன்பது கிராம், உரியவர் தெரியவில்லை'ன்னு. மறுவாரமே உரியவங்க வந்து நின்னாங்க. பெட்டி முன்னாடி நின்னு வாயில முந்தானையை வச்சு அடைச்சுக்கிட்டு, "என் பொண்ணோடது சார், குடுத்துடுங்க"ன்னாங்க.

குடுத்துத் தொலைச்சிருக்கலாம். எங்க காப்பாட்சியர் நல்ல மனுஷன்தான், ஆனா சட்டம் பேசுற மனுஷன். வெள்ளத்துல வந்த பொருளைத் திருப்பி வாங்கணும்னா, அதைப் போட்டிருந்தவங்க இறந்துட்டாங்கன்னு வாரிசு எழுதிக் கையெழுத்துப் போடணும்னு ஒரு விதி. பூங்காவனம் அந்தத் தாளைக் கையாலகூடத் தொடலை.

"உடம்பக் கண்ணால பாத்தீங்களா சார்?"

"இல்லம்மா."

"அப்ப என்னாத்துக்கு நான் எழுதணும்? இங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிறேன்."

அன்னிலேருந்து வெள்ளிக்கிழமை தவறாம வந்தாங்க. கருவாட்டுக் கூடையை வாசல்ல இறக்கி வச்சிட்டு, கையைக் கழுவிட்டு, உள்ள வந்து பாப்பாங்க. நானும் வெள்ளிக்கிழமைதான் வெள்ளிச் சாமானைத் திருநீறு போட்டுத் துடைப்பேன். அப்படித் துடைக்கிறப்பதான் தெரிஞ்சுது, கொலுசு அழுக்காகுது. பூட்டின பெட்டிக்குள்ள, சாவி என் இடுப்புல, வாராவாரம் அதுல மண்ணு ஏறுது. எங்க ஊரு மண்ணு வெளுத்த உப்பு மண்ணு. இது செக்கச்செவேல்னு செம்மண்ணு. அந்த வருஷக் கணக்கெடுப்புல எடை போட்டா பதிமூணு கிராம் காட்டுச்சு, வளையமும் ஒரு விரக்கடை பெருசாயிருந்துச்சு. காப்பாட்சியர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, "குறைஞ்சாத்தான்யா நம்ம வேலைக்கு ஆபத்து, கூடினா யாரும் கேக்கப் போறதில்லை"ன்னு சொல்லி, குறிப்புன்னு இருந்த கட்டத்துல 'வளர்ச்சி இயல்பு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் அதையேதான் எழுதினோம்.

ஊரு இதை எப்படி எடுத்துக்கிச்சுன்னு கேட்டா, ஒரு பொண்ணு வளர்றதை எப்படி எடுத்துக்குமோ அப்படித்தான். தண்டபாணி ஆசாரி மாசத்துக்கு ஒருதரம் தராசைத் தூக்கிக்கிட்டு வந்து எடை பாத்து, வெத்தலை எச்சிலைத் துப்பிட்டு வந்து, "பொண்ணு கொஞ்சம் எளைச்சிருக்கா"ன்னோ, "நல்லாச் சாப்புடுறா"ன்னோ சொல்லிட்டுப் போவாரு. சோறு திங்காத பிள்ளைங்களை இடுப்புல தூக்கிக்கிட்டு வந்து, பாருடி, கொலுசுகூட வளருது, உனக்கென்ன கேடுன்னு பெத்தவங்க இங்க நின்னு ஊட்டுவாங்க. அஞ்சு வயசுல ஒரு வெள்ளிக்கிழமை கொலுசு இடுக்குல சாக்பீஸ் தூள் இருந்துச்சு, அன்னிக்குப் பூங்காவனம் ஊரு முழுக்க நடந்து நடந்து, பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டாங்கன்னு சொல்லி மிட்டாய் கொடுத்தாங்க. யார் சேத்தாங்கன்னு யாரும் கேக்கலை. எட்டு வயசுல ரெண்டு முத்து உதிர்ந்து போச்சு. ஓடுற பொண்ணு, அப்படித்தான் இருக்கும்னு நாங்களே சொல்லிக்கிட்டோம். மண்ணோட கொஞ்சம் கறுப்புக் கறையும் வர ஆரம்பிச்சுது, தொட்டா விரல் எரிஞ்சுது. ஆசாரி மோந்து பாத்துட்டு, "முந்திரித் தோல் பால்யா இது"ன்னாரு.

செம்மண்ணு, முந்திரி. தேடாம இருப்போமா? எங்க மியூசியத்துக்கு அப்ப ஒரு பஸ் இருந்துச்சு, முதலை, மணி, சுங்கான் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஊரூராப் போய்க் காட்டிக் கதை சொல்ற பஸ். கொலுசையும் பூங்காவனத்தையும் ஏத்திக்கிட்டு வடக்கே முந்திரிக்காட்டு ஊருங்களுக்கு மூணு தடவை போனேன். பிள்ளைங்க முதலையைப் பாக்க வரிசையில நிப்பாங்க, பூங்காவனம் தரையில உக்காந்து ஒவ்வொரு பொண்ணு காலா தொட்டுப் பாப்பாங்க. நாலாவது தடவை போறதுக்குள்ள, பிள்ளை பிடிக்கிற பஸ்னு பேரு கட்டிவிட்டுட்டாங்க, ஊருக்குள்ளயே விடலை. எவளோ ஒருத்தி தண்ணியில மிதந்து வந்ததை எடுத்து வளக்குறா, பஸ் சத்தம் கேட்டதுமே பொண்ணை உள்ள தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பா, அவளைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. பூங்காவனத்துக்கும் வரலை. "நல்லாத்தான் பாத்துக்கிறா சார். எண்ணெய் தேச்சு விட்டிருக்கா பாருங்க"ன்னு சொல்லி, கொலுசைத் துடைச்ச துணியை மூக்குல வச்சு அழுதாங்க.

பதிமூணு வயசுல ஒரு வெள்ளிக்கிழமை, கொலுசு பூரா மஞ்சளா இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை, துடைக்கப் போனேன், பூங்காவனம் என் கையைத் தட்டிவிட்டு, "ஆம்பளை தொடக் கூடாது, வெளிய போங்க சார்"னாங்க. அப்புறம் பாக்கணுமே! இந்த ஹால்ல தென்னங்கீத்துல குச்சு கட்டி, கொலுசை உள்ள வச்சு, ஒன்பது நாள் காப்பாட்சியரே உள்ள போக முடியலை. கடைசி நாள் தாய்மாமன் சீர் வேணும், பூங்காவனத்துக்குக் கூடப்பிறந்தவங்க கிடையாது, எல்லாரும் திரும்பி யாரைப் பாத்தாங்கன்னா காப்பாட்சியரைப் பாத்தாங்க. அந்த மனுஷன் நேரா கடைவீதிக்குப் போனாரு. போய்ப் பட்டுப்பாவாடை, பழத்தட்டு, பூமாலை எல்லாம் வாங்கித் தலையில வச்சுக்கிட்டு, மேளம் முன்னால போக, வேட்டி தடுக்கத் தடுக்க நடந்து வந்தாரு. முதலைக்கும் ஒருத்தர் சந்தனம் வச்சுட்டாங்க. அந்தப் பொட்டு இன்னும் இருக்கு, போறப்ப பாருங்க.

பதினாறு வயசுல வளர்ச்சி நின்னு போச்சு. ஊரு பதறுச்சு. நான்தான் சொன்னேன், பொண்ணுங்க அந்த வயசோட நிக்குறதுதாங்க, மண்ணு வருதில்ல, அது போதும்னு. மண்ணு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அப்புறம் ஒரு தை மாசம், நலங்கு மஞ்சளும் சந்தனமும் மருதாணித் துணுக்கும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பூங்காவனம் பெட்டியைக் கையால ஓங்கி அடிச்சாங்க, கண்ணாடி விரிசல் விட்டுப் போச்சு. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம கட்டிக் குடுத்துட்டாங்க சார், பெத்தவ ஒருத்தி இருக்கான்னு நெனைப்பு வேணாம்?"னு கத்தினாங்க. கத்தி முடிச்சு, வீட்டுக்குப் போய்ப் பாயசம் வச்சு ஊருக்கே ஊத்தினாங்க. இந்தப் பெரிய பெட்டி அப்ப செஞ்சதுதான்.

இனிமேதான் நாங்க பண்ணின பாவம்.

அந்த வருஷம் ஐப்பசியில கொலுசு மறுபடியும் பெருசாச்சு. ஏழு வருஷமா அசையாம இருந்த வளையம் அரை விரக்கடை விரிஞ்சுது, மண்ணும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஆசாரி தராசைக் கீழ வச்சாரு. "கால் வீங்கியிருக்குய்யா"ன்னாரு. அவ்வளவுதான், ஊரு பூரா அதே பேச்சு: நீர் கோத்துக்கிச்சு, கிட்னி போச்சு, நடமாட்டம் இல்லை, படுத்த படுக்கையாயிட்டா. பூங்காவனம் தூரத்துக் கோயிலுக்கெல்லாம் நடந்து போய் மண்சோறு தின்னாங்க. கார்த்திகை பொறந்துச்சு. வெள்ளம் வந்த அதே திதி, அதுவும் வெள்ளிக்கிழமையில வந்துச்சு. நான் பெட்டியைத் திறந்தேன். கொலுசு பளபளன்னு இருந்துச்சு. ஒரு பொட்டு மண்ணு இல்லை, வேர்வை இல்லை, எண்ணெய் இல்லை. திருநீறு போட்டு ஒரு தேய் தேய்ச்சேன், துணி வெள்ளையாவே இருந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க, இருபத்திரண்டு வருஷமா நாங்க எல்லாரும் அந்தச் சாவைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம். வளர்ற கொலுசைப் பாத்துச் சிரிச்சோம், பாயசம் குடிச்சோம், அடி மனசுல ஒவ்வொருத்தனும் அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தயாரா இருந்திருக்கான். அதனாலதான் ஒருத்தருக்குக்கூட வேற எதுவும் தோணலை. "கழட்டிட்டாங்க"ன்னு பூங்காவனம் சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைதான். செத்தவங்க மேலேருந்து நகையைக் கழட்டுவாங்க இல்லையா, அதைத்தான் சொன்னாங்க. ஹால்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் ஓன்னு அழுதாங்க, நானும் அழுதேன், வெக்கமில்லாம சொல்றேன்.

ஊருப் பெரியவங்க உக்காந்து பேசினாங்க. அந்த வெள்ளிக்கிழமையை முதல் நாளா வச்சு, பதினாறாம் நாள் கருமாதி, கொலுசைப் பால் ஊத்திக் கடல்ல விட்டுடணும், இல்லைன்னா பொண்ணு கரை சேராம அலையும்னு முடிவாச்சு. கொலுசை வெளிய எடுக்கணும்னா அந்தத் தாள் வேணும். பூங்காவனத்துக்கு எழுதத் தெரியாது. நான் எழுதினேன். 'என் மகள் வேம்பு இறந்துவிட்டாள்.' நாலே வார்த்தை. கடைசி எழுத்து எழுதுறப்ப பேனா சிக்கிச்சு, நான் உதறி உதறி எழுதினேன், அதுகூட நிறுத்துடான்னு எனக்குச் சொல்லலை. அவங்க பெருவிரலை மையில வச்சு, தாள் மேல ரொம்ப நேரம் தூக்கியே வச்சிருந்தாங்க.

"உடம்பப் பாக்கலியே சார்"னாங்க.

"பாத்த மாதிரிதானம்மா"ன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன், வேற யாரும் இல்லை.

வச்சுட்டாங்க.

பதினாறாம் நாள் காலையில ஊரே கடல்ல முழங்கால் தண்ணியில நின்னுச்சு. காப்பாட்சியரு தாய்மாமன் மொறைக்குக் கோடி போட்டாரு. பூங்காவனம் கொலுசை ஒருதரம் காதுகிட்ட வச்சு ஆட்டினாங்க, சத்தத்தைக் கேட்டாங்க, விட்டாங்க.

அதுக்கப்புறம் பதினாலு நாள் அவங்க இங்க வரலை. பதினைஞ்சாவது நாள், நான் கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியே வாசல்ல உக்காந்திருந்தாங்க. தலை சீவலை, கூடையும் இல்லை. மடியிலேருந்து ஒரு துணியைப் பிரிச்சு எங்கிட்ட நீட்டினாங்க. அந்த இன்னொரு கொலுசு. இருபத்திரண்டு வருஷமா அரிசி டப்பாவுக்குள்ள கறுத்துப் போய்க் கிடந்தது, ஒரு நாளும் வளராதது, ஒரு நாளும் அழுக்காகாதது.

"மோந்து பாருங்க சார்."

மோந்தேன். வசம்பு வாசனை, விளக்கெண்ணெய், பாலு. முத்து இடுக்குல சாம்பிராணிப் புகை படிஞ்சிருந்துச்சு. கறுப்பெல்லாம் போய் வெள்ளி கண்ணு திறந்திருந்துச்சு. மரமண்டை எனக்கு அப்பவும் புரியலை.

"இது எப்பலேருந்தும்மா?"

"நேத்திலேருந்து. அந்த வெள்ளிக்கிழமையிலேருந்து நேத்தோட முப்பது நாளு சார்" அப்படின்னாங்க. குரல் ரொம்ப அமைதியா இருந்துச்சு, கண்ணுல மட்டும் தண்ணி வழிஞ்சுது. "முப்பதாம் நாள்தானே புள்ளைக்குத் தண்டை, கொலுசு போடுவாங்க. எனக்கும் பிரசவத்துக்குப் போறப்ப ஆஸ்பத்திரியில எல்லா நகையையும் கழட்டச் சொன்னாங்க சார். கொலுசைக் கழட்டி எங்க மாமியாரு முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தாங்க. மூணு பெத்தேன். மூணு தடவையும் கழட்டினேன். எனக்கே தோணலையே சார்."

கால் வீங்கினது அதுக்குத்தான். மண்ணு குறைஞ்சது அதுக்குத்தான். ஒரு ஊரு பூரா பெத்த பொம்பளைங்க, கால் வீங்கின பொம்பளைங்க, ஒருத்திக்கும் தோணலை. இன்னும் பதினாலு நாள், வெறும் பதினாலு நாள் பொறுத்திருந்தா!

"பேரப்பிள்ளை பொறந்திருக்கும்மா, அழாதீங்க"ன்னு ஏதோ சொல்லப் பாத்தேன்.

"அதுக்கு அழலை சார்"னாங்க. "தீட்டுக் கழிஞ்சு குளிச்சிட்டு வந்து, திருப்பிப் போட்டுக்கக் கொலுசைத் தேடியிருப்பா. எங்கெங்க தேடினாளோ. இங்கதானே வச்சேன், இங்கதானே வச்சேன்னு தேடியிருப்பா. நான் கடல்ல போட்டுட்டேனே."

ஆளை விட்டு வலை வீசிப் பாத்தோம், முங்கிப் பாத்தோம். கடல் கொடுக்குமா? அந்தத் தாளையாவது கிழிச்சுடலாம்னு கேட்டா, இறந்துட்டாங்கன்னு எழுதிக் கொடுக்கத்தான் படிவம் இருக்கு, இல்லைன்னு எழுதிக் கொடுக்க இல்லைன்னுட்டாரு காப்பாட்சியரு. சொல்லிட்டு அந்த மனுஷன் மேசையில தலையைக் கவுத்துக்கிட்டாரு. வேம்புகிட்டேருந்து இனி எங்களுக்கு ஒரு சேதியும் கிடையாது. எழுந்து நடக்குறாளா, நல்லா இருக்காளா, பிரசவத்துல பொழைச்சாளா, அதுகூடத் தெரியாது. குழந்தையைப் பத்தி மட்டும் தெரியும். ஆணா பெண்ணான்னு தெரியாது. போன வெள்ளிக்கிழமை முத முறையா இந்தச் சின்னக் கொலுசோட அடிப்பக்கம் தரை அழுக்கு இருந்துச்சு, சாணி மெழுகின தரை. தவழ ஆரம்பிச்சிடுச்சு.

பூங்காவனம் கருவாட்டு வியாபாரத்தை விட்டுட்டாங்க. வாசல்ல செருப்புக்கு டோக்கன் கொடுக்குறது அவங்கதான். இப்ப புரியுதா ஏன் கழட்டச் சொன்னேன்னு?

நீங்க எந்த ஊருன்னு கேக்கலை, எந்த ஊரா இருந்தாலும் சரி. முந்திரி வெளையுற செம்மண்ணுப் பக்கம் போனீங்கன்னா, இருபத்துநாலு வயசுல, கைக்குழந்தையோட, காலு ரெண்டும் வெறுங்காலா, காணாமப் போன கொலுசு ஒண்ணை இன்னும் தேடிக்கிட்டு இருக்குற பொண்ணு யாராவது இருந்தா, அவகிட்ட இந்தக் கதையைச் சொல்லுங்க. கோவப்பட வேண்டாம்னு சொல்லுங்க. பதினாலு நாள் தப்பாயிடுச்சு, அவ்வளவுதான்னு சொல்லுங்க.

சரி, வாங்க, முதலையைப் பாக்கலாம். இடுப்புல இருக்குற குழந்தையை இறக்கி விடும்மா, நடக்கட்டும், வாசல்ல அவங்க அது காலைப் பாக்கட்டும்.